கடும் நோயில் இருக்கும் குழந்தைகளுக்கு டிஜிட்டல் கதைசொல்லல்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்திருக்கும் 8 வயதுக் குழந்தை ஒரு நாளில் தானாக எடுக்கக்கூடிய முடிவுகள் மிகக் குறைவு. எப்போது எழ வேண்டும், எந்தக் கையில் ஊசி, எதைச் சாப்பிடக் கூடாது, யார் பார்க்க வரலாம், பள்ளிக்கூடம் எப்போது என்று எல்லாவற்றையும் பெரியவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். அவர்களுக்கும் வேறு வழியில்லை. ஆனால் அதன் ஒரு வகையான கடும் லிம்ஃபாய்டு லுகேமியாவுக்கான சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் நீள்வது. அவ்வளவு காலம் இப்படியே போனால், தன் உடம்பு தன்னுடையது இல்லை என்ற எண்ணம் குழந்தைக்குள் இறங்கிவிடும். டிஜிட்டல் கதைசொல்லல் கைவைப்பது இந்த இடத்தில்தான். வலியை எடுத்துவிடும் வித்தை அதனிடம் கிடையாது. தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையில் ஒரு சிறு பங்கைக் குழந்தையிடம் அது திருப்பிக் கொடுக்கிறது.

இது என்ன என்பதைச் சொல்வது எளிது. குழந்தை தன் வாழ்க்கையிலிருந்தோ கற்பனையிலிருந்தோ ஒரு கதையைத் தன் குரலில் பேசிப் பதிவு செய்கிறது. அந்தக் குரலின்மேல் ஒளிப்படங்கள், வரைந்த படங்கள், சிறு காணொளித் துண்டுகள், ஓசைகள் அடுக்கப்படுகின்றன. கடைசியில் கிடைப்பது 2 அல்லது 3 நிமிடக் குறும்படம். இந்தப் பட்டறை முறை 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் உருவானது. டேனா ஆட்ச்லி, ஜோ லாம்பர்ட், நீனா மல்லன் ஆகியோர் 1994-ல் சான் பிரான்சிஸ்கோவில் இதற்கென ஒரு மையம் தொடங்கினார்கள். நோயாளிகளின் கதைகளுக்கென்றே 2003-ல் பிரிட்டனில் பேஷண்ட் வாய்சஸ் என்ற திட்டம் வந்தது.

குழந்தைகளுக்கான முயற்சிகளில் முன்னோடி என்று பாஸ்டனில் நடந்ததைச் சொல்லலாம். அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையில், இதய நோயால் சேர்ந்திருந்த சிறுவர் சிறுமியர் கணினியோடு இணைந்த ஒரு பொம்மையிடம் தங்கள் கதையைச் சொன்னார்கள். பதிலுக்குக் கதை சொல்லும் பாத்திரங்களைத் தாங்களே உருவாக்கவும் செய்தார்கள். அது பற்றிய ஆய்வறிக்கை 1998-ல் வெளியானது. ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான மரீனா பெர்ஸ், பிற்பாடு சின்னக் குழந்தைகளுக்கான ஸ்க்ராட்ச் ஜூனியர் செயலியை உருவாக்கிய குழுவிலும் இருந்தார். 5 முதல் 7 வயதுப் பிள்ளைகள் எழுதப் படிக்கத் தெரியாமலே பாத்திரங்களை நகர்த்தி, குரல் பதிந்து கதை செய்யக்கூடிய இலவசச் செயலி அது.

பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைக் காட்டலாம். 2021-ல் வெளியான பிரேசில் ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 81 குழந்தைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு அரை மணி நேரம் போலக் கதை, மற்றக் குழுவுக்கு அதே நேரம் விடுகதை. முன்னும் பின்னும் உமிழ்நீரைச் சோதித்தார்கள். இரு குழுவிலும் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் குறைந்தது, நெருக்க உணர்வோடு தொடர்புடைய ஆக்ஸிடோசின் ஹார்மோன் கூடியது, வலியும் குறைந்ததாகக் குழந்தைகள் சொன்னார்கள். கதை கேட்ட குழுவில் இந்த மாற்றம் தெளிவாகவே பெரிது. ஒன்றை மறக்கக் கூடாது: அது கதை கேட்பது பற்றிய ஆய்வு, கதை செய்வது பற்றியது அல்ல. செய்வது பற்றி அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் டெரா ஃபாஸ்டர் அகார்ட் குழு ஆராய்ந்தது. திரும்ப வந்த அல்லது சிகிச்சைக்கு அடங்காத புற்றுநோயுள்ள 7 முதல் 17 வயதுப் பிள்ளைகள், தாங்கள் யார், எதைப் பிடிக்கும், யாரோடு நெருக்கம் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தங்கள் டிஜிட்டல் கதையை உருவாக்கினார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான பேச்சு அதனால் ஓரளவு மேம்படும் என்பதற்கு அந்த ஆய்வுகளில் அறிகுறிகள் இருந்தன. அளவு பெரிதில்லை. நோய் குணமாகும் என்றோ வலி மருந்தைக் குறைக்கலாம் என்றோ இந்த ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி யாராவது இதை விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

குழந்தைக்குள் என்ன ஓடுகிறது

மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள், நடக்கும் எல்லாவற்றுக்கும் தாங்களே காரணம் என்று நினைப்பது இயல்பு. தம்பியை அடித்ததால்தான் காய்ச்சல் வந்தது, பொய் சொன்னதால்தான் ஊசி போடுகிறார்கள் என்று மனதுக்குள் ஒரு கணக்கு இருக்கும். நேரே கேட்டால் வெளியே வராது. பொம்மைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு கதை செய்யச் சொன்னால், ‘அது அம்மா சொன்னதக் கேக்கல, அதான்’ என்று தானாகவே வரும். திருத்தம் சொல்வதற்கு அதுதான் தருணம். ‘பொம்மை என்ன பண்ணியிருந்தாலும் இந்த நோய் வந்திருக்கும், அதனால வரல’ என்று கதைக்குள்ளேயே சொல்லிவிடலாம்.

ஆறேழு வயதுக்கு மேல் சிக்கல் வேறு. அமெரிக்க மானுடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் 1970களில் லுகேமியா வார்டு ஒன்றில் பிள்ளைகளோடு நெருங்கிப் பழகி ஆராய்ந்தார். யாரும் சொல்லாமலேயே பிள்ளைகள் தங்கள் நிலையைப் புரிந்துகொண்டிருந்தார்கள். பெற்றோர் அழுவார்களே என்று, தங்களுக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமலும் இருந்தார்கள். பெரியவர்களும் மறைக்க, பிள்ளையும் மறைக்க, கடைசியில் பிள்ளை தனியாகிவிடுகிறது. நம் வீடுகளில் இது எவ்வளவு சகஜம் என்று சொல்லத் தேவையில்லை. ‘ரத்தத்துல கொஞ்சம் பிரச்சினை’ என்று மட்டும் சொல்லி வைத்திருப்பார்கள். பிள்ளை வார்டின் பெயர்ப்பலகையைப் படித்திருக்கும்.

ஆகவே ரெக்கார்டரைத் தொடுவதற்கு முன் பெற்றோரிடமும் சிகிச்சைக் குழுவிடமும் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். பிள்ளைக்கு இதுவரை என்ன சொல்லப்பட்டிருக்கிறது? நோயைக் குறிக்க வீட்டில் என்ன சொல் வழங்குகிறது? எந்தப் பேச்சு வந்தால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது? கட்டி, பிளட் பிரச்சினை, கேன்சர் என்று பிள்ளை எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறதோ அதையே நாமும் பயன்படுத்துவது. நாமாகப் புதுச் சொல் எதையும் அறிமுகப்படுத்தக் கூடாது. அதற்காகப் பொய்யும் சொல்லக் கூடாது. ‘நான் செத்துப்போயிடுவேனா?’ என்று பிள்ளை கேட்டால் ‘ச்சீ, அப்படியெல்லாம் பேசக் கூடாது’ என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். அந்த ஒரு வரியோடு பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். ‘எதனால அப்படித் தோணுச்சு?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பல நேரம் கேள்விக்குப் பின்னால் வேறொன்று இருக்கும். பக்கத்துப் படுக்கை காலியாகியிருக்கலாம், ராத்திரி அப்பா போனில் பேசியது காதில் விழுந்திருக்கலாம். பிறகு, ‘இதுக்கு என்னால சரியா பதில் சொல்ல முடியாது. டாக்டர்கிட்ட நாம சேர்ந்து கேப்போமா?’ என்று சொல்லி, அன்றே சிகிச்சைக் குழுவிடம் தெரிவித்துவிட வேண்டும்.

எப்போது தொடங்குவது, எப்போது கூடாது

நாள் பார்த்துத் தொடங்குவதில் பாதி வெற்றி இருக்கிறது. கீமோ ஏறும் நாளும் வாந்தி நிற்காத அடுத்த நாளும் வேண்டாம். முதுகில் ஊசி போட்ட பிறகு சில மணி நேரம் அசையாமல் படுக்கச் சொல்லியிருப்பார்கள், அப்போது திரையைத் தூக்கிப் பிடிக்க வைக்கக் கூடாது. ஸ்டீராய்டு ஓடும் நாட்களில் காரணமில்லாத அழுகையும் சிடுசிடுப்பும் பசியும் இருக்கும். அன்று பிள்ளை ‘போ, எனக்கு வேணாம்’ என்று சொன்னால் மனதில் எடுத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் கழித்துப் போகலாம். வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து விரல்களை மரத்துப்போகச் செய்யும், பிடி தளரும். பென்சிலோ போனோ நழுவினால் அது சோம்பல் இல்லை. போனை ஒரு தாங்கியில் வைத்து, பெரிய பொத்தானைத் தொட்டால் போதும் என்று செய்துகொடுங்கள். மெத்தோட்ரெக்சேட் என்ற இன்னொரு கீமோ மருந்துக்குப் பின் வாயெல்லாம் புண்ணாக இருக்கலாம். குரல் பதிவை அந்த வாரத்துக்கு வைக்காமல் படம் எடுக்கும் வேலையை முன்னே கொண்டுவரலாம்.

கட்டுப்படாத வலி, உயர்ந்த காய்ச்சல், மயக்க நிலை, குழப்பமான பேச்சு இருந்தால் செய்யவே கூடாது. பிள்ளை வேண்டாம் என்றாலும் அப்படியே. ‘நாளைக்குக் கேக்கட்டுமா, இல்ல நீயே கூப்பிடுறியா?’ என்று கேட்டுவிட்டு எழுந்து வருவதுதான் முறை. வேண்டாம் என்று சொல்ல முடிவது, அந்தப் பிள்ளைக்கு அன்று கிடைத்த ஒரே அதிகாரமாகக்கூட இருக்கலாம்.

சுத்தம் பற்றி வார்டு நர்சிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளையிடம் கொண்டுபோகும் போன், டேப்லெட், ஹெட்போன் எல்லாவற்றையும் உறையைக் கழற்றி, அணைத்துவிட்டு, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துடைப்பானால் துடைக்க வேண்டும். காதுக்குள் செருகும் இயர்போனை இரண்டு பிள்ளைகள் பகிரக் கூடாது. பஞ்சு பொம்மை வேண்டாம், கழுவக்கூடிய பிளாஸ்டிக் பொம்மையோ காகிதத்தில் வெட்டியதோ போதும். களிமண்ணும் வேண்டாம்.

தேவையான பொருள்கள்

ஒரு சுமாரான ஆண்ட்ராய்டு போன், சின்னத் தாங்கி, வெள்ளைத் தாள், தடித்த ஸ்கெட்ச் பேனாக்கள், தலையணை இரண்டு. இவ்வளவுதான். விலை உயர்ந்த மைக் வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். படத்தொகுப்புக்கு இன்ஷாட், கைன்மாஸ்டர் போன்ற செயலிகளின் இலவசப் பதிப்பே போதும், மூலையில் செயலியின் பெயர் விழும், விழட்டும். பொம்மைகளை நகர்த்தி நகர்த்திப் படமெடுக்கும் முறைக்கு ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ உண்டு. வரைய முடியாத பிள்ளைக்கு, பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஆயிரக்கணக்கான சித்திரங்கள் திறந்த உரிமத்தில் இருக்கின்றன. ஓவியர் பெயரைப் போட்டுவிட்டுப் பயன்படுத்தலாம், தமிழ்க் கதைகளும் அங்கே நிறைய.

அமர்வுகள் எப்படிப் போகும்

ஒவ்வொரு அமர்வும் 15 முதல் 20 நிமிடம். பிள்ளைக்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்துவது நல்லது. களைத்துப்போய் நிறுத்தினால் அடுத்த நாள் வராது. பொதுவாக ஐந்து அல்லது ஆறு அமர்வுகளில் ஒரு கதை முடியும். ஆனால் சிகிச்சை குறுக்கே வரும் என்பதால், ஒவ்வொரு அமர்வும் அதனளவில் முடிந்த ஒரு பொருளைத் தர வேண்டும்: ஒரு படம், 30 விநாடி ஒலி, ஒரு பெயர். அடுத்தது நடக்காமலே போனாலும் கையில் ஏதாவது இருக்கும். இந்த விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல் அமர்வில் பதிவு எதுவும் இல்லை. போனைப் பிள்ளையிடம் கொடுத்து, படுக்கையிலிருந்து தெரிகிறவற்றில் பிடித்தது மூன்று, பிடிக்காதது மூன்று படம் எடுக்கச் சொல்லுங்கள். கூரை மின்விசிறி, சலைன் கம்பி, சாப்பாட்டுத் தட்டு, அம்மாவின் செருப்பு என்று வரும். பெரியவர் நின்று பார்க்கும் உயரத்திலிருந்து தெரியாத வார்டு அந்த ஆறு படங்களில் இருக்கும். படங்களைப் பார்த்தபடி பேச்சைத் தொடங்கலாம்.

இரண்டாவது அமர்வு கேள்விகளுக்கானது. ‘உனக்கு எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் பதில் வரும். நாள் முழுக்க டாக்டர்கள் கேட்கும் கேள்வி அது, அதற்கான பதிலும் பழகிப்போனது. இடமும் பொருளும் உள்ள கேள்வியாகக் கேட்க வேண்டும். இந்த வார்டுல யாருக்கும் தெரியாம உனக்கு மட்டும் தெரிஞ்சது என்ன? மருந்துக்கு வாய் இருந்தா உள்ள போனதும் என்ன சொல்லும்? ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் என்ன சத்தம் கேக்கும்? இவற்றில் எங்களுக்கு மிகவும் நம்பிக்கையான கேள்வி இது: ‘நாளைக்குப் புதுசா ஒரு பிள்ளை இங்க சேருதுன்னு வை. அதுக்கு நீ என்ன சொல்லிக்கொடுப்பே?’ இந்தக் கேள்வியில் பிள்ளை நோயாளி நிலையிலிருந்து விஷயம் தெரிந்தவராக மாறிவிடுகிறது. ‘ஊசி குத்தறப்ப பத்து எண்ணாத, பாட்டுப் பாடு’, ‘மஞ்ச மருந்து கசக்கும், முன்னாடியே ஐஸ் சப்பிக்க’ என்று அறிவுரைகள் வரிசையாக வரும். பாதிக் கதை அங்கேயே தயாராகிவிடும்.

மூன்றாவதில் கதை வரிகள். பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அல்லது பதிவு செய்து பிறகு எழுதுங்கள். எழுதுவது அப்படியே அதன் வாய்ச்சொல்லாக இருக்க வேண்டும். இங்கேதான் நல்ல மனதுள்ள பெரியவர்கள் கெடுக்கிறார்கள். உதாரணத்துக்கு ஒரு பிள்ளை இப்படிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘ட்ராலி சத்தம் தூரத்துல கேக்கும். அப்பவே எனக்கு வாந்தி வந்துரும். ஊசி இன்னும் போடவே இல்ல.’ பெரியவர் அதைத் திருத்தி ‘சிகிச்சையின் கடினமான தருணங்களையும் நான் தைரியமாக எதிர்கொண்டேன்’ என்று எழுதிவிடுகிறார். முதல் மூன்று வரிகளில் ஒரு முழு உண்மை இருந்தது. மருந்து ஏறும் முன்பே வரும் வாந்தி மருத்துவம் அறிந்த ஒன்று, டாக்டரிடம் சொன்னால் அதற்கு வழி உண்டு. திருத்தப்பட்ட வரியில் எதுவும் இல்லை. ‘போராளி’, ‘வீரச்சிறுமி’ போன்ற சொற்களையும் நாமாகக் கொண்டுபோகக் கூடாது. நோய் திரும்பி வந்தால், தான் சரியாகப் போராடவில்லை என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

மகிழ்ச்சியான முடிவைத் திணிப்பதும் அதே தவறு. கதையில் டிராகன் ஜெயித்துவிட்டது, பையன் குகைக்குள்ளேயே இருக்கிறான் என்று பிள்ளை சொன்னால் அப்படியே விடுங்கள். ‘குகைக்குள்ள அவன்கூட யார் இருக்கா? என்ன சாப்பிடுவான்?’ என்று மட்டும் கேட்கலாம். முடிவை மாற்றாமலே துணைக்கு ஆள் வந்துவிடும்.

நீளத்தைப் பொறுத்தவரை, ஆங்கிலப் பட்டறைகளில் 250 சொற்களிலிருந்து 375 வரை என்பார்கள். தமிழில் அது சரிப்படாது. நம் சொற்கள் நீளம், சோர்ந்த பிள்ளை பேசும் வேகமும் குறைவு. 120 முதல் 150 சொற்கள் இருந்தால் 2 நிமிடம் தாராளமாக ஓடும். 5 வயதுப் பிள்ளைக்கு ஐந்து வரியே முழுக்கதை.

குரல் பதிவு

நான்காவது அமர்வான குரல் பதிவில்தான் தொழில்நுட்பத் தவறுகள் அதிகம் நடக்கும். வார்டில் அமைதி என்பதே கிடையாது. மருந்து பம்பு பீப் அடிக்கும், ஏசி உறுமும், பக்கத்தில் யாராவது அழுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ரவுண்ட்ஸ் முடிந்த நேரம் ஓரளவு சரிவரும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, பிள்ளையின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். அப்போதுதான் மூச்சுக்காற்று மைக்கில் மோதாது. பின்புறமும் இருபக்கமும் தலையணை வைத்தால் எதிரொலி குறையும். முழுக்கதையையும் ஒரே மூச்சில் வாசிக்க வைக்காதீர்கள். ஒரு வரி, ஒரு பதிவு. எழுதியதை வாசிக்கும்போது பிள்ளையின் குரல் பள்ளிக்கூடக் குரலாகிவிடும். அதனால் வரியை நீங்கள் கேள்வியாகக் கேளுங்கள், அது பதிலாகச் சொல்லட்டும். உங்கள் கேள்வியைப் பிறகு வெட்டிவிடலாம். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் 3 விநாடி மௌனம் விடுங்கள், வெட்ட இடம் வேண்டும்.

பம்பின் பீப் ஒலியை மென்பொருளால் முழுதாக நீக்கப் பார்த்தால் பிள்ளையின் குரல் தகரம் போல ஆகிவிடும். பீப் கொஞ்சம் இருந்தால் என்ன? அது அந்த இடத்தின் ஒலிதானே. பல பிள்ளைகள் அதை வேண்டுமென்றே கதையில் சேர்க்கச் சொல்வார்கள்.

பேச முடியாத பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது. மூச்சுக்குழாயில் துளையிட்டவர்கள், வாய்ப்புண் ஆறாதவர்கள், மிகச் சோர்ந்தவர்கள் கையசைவால் கதை சொல்லலாம். படங்களைப் பரப்பி வைத்து, ஆம் என்றால் ஒரு முறை கண் சிமிட்டு, இல்லை என்றால் இரண்டு முறை என்று முடிவு செய்துகொண்டு ஒவ்வொன்றாகக் காட்டலாம். குரலுக்கு அண்ணனையோ தோழியையோ பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். போனிலுள்ள தமிழ் வாசிப்புக் குரலைச் சில பதின்வயதினர் விரும்பித் தேர்ந்தெடுப்பார்கள். அதன் உணர்ச்சியின்மை அவர்களுக்கு வசதியாக இருக்கிறது.

படமும் தொகுப்பும்

2 நிமிடத்துக்கு 12 முதல் 20 படங்கள் போதும், ஒவ்வொன்றும் 6 முதல் 10 விநாடி நிற்கும். 40 படம் போட்டால் பார்ப்பவர் குரலைக் கேட்கமாட்டார். ஸ்டாப் மோஷன் ஆசை இருந்தால் கணக்கைச் சொல்லிவிடுங்கள்: விநாடிக்கு 6 படம் என்று வைத்தால் 10 விநாடிக்கு 60 படம். ஒரு அமர்வுக்கு அதற்கு மேல் கூடாது. போன் அசைந்தால் எல்லாம் ஆடும் என்பதால், தாங்கியைச் சாப்பாட்டு மேசையோடு டேப்பால் ஒட்டிவிடுங்கள்.

தலைமுடி உதிர்ந்த பிறகு தன் முகத்தைப் பார்க்க விரும்பாத பிள்ளைகள் உண்டு, பதின்வயதினர் இன்னும் அதிகம். முகத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்று ஒன்றுமில்லை. கை, நிழல், தொப்பி, பழைய படம், எதுவும் ஆகலாம். மாறாக, மொட்டைத் தலையைத்தான் முதல் படமாக வைக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளையைத் தடுக்கவும் கூடாது, அம்மா அழுதாலும்.

பின்னணி இசை குரலுக்கு அடியில் 10 முதல் 15 சதவீத ஒலியில் இருந்தால் போதும். பிள்ளைகள் சினிமாப் பாட்டைத்தான் கேட்பார்கள். வீட்டுக்குள் பார்க்க அதில் சிக்கலில்லை. இணையத்தில் ஏற்றினால் உரிமைப் பிரச்சினையில் ஒலி முடக்கப்படலாம் என்பதை முன்பே சொல்லி, பாட்டில்லாத இன்னொரு பிரதியும் செய்து வையுங்கள்.

தொகுப்பில் விரல் உங்களுடையதாக இருக்கலாம், தீர்ப்பு பிள்ளையுடையது. ‘இந்தப் படம் முன்னாடியா பின்னாடியா? இங்க சத்தம் வேணுமா வேணாமா?’ என்று இரண்டு தேர்வுகளாகக் கேட்டால் சோர்ந்திருக்கும் பிள்ளைகூட ஒரு விரலால் பதில் சொல்லும். இரவு உட்கார்ந்து நீங்களே அழகாக முடித்துக் கொண்டுபோய்க் காட்டினால், பிள்ளை பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அது இப்போது உங்கள் படம்.

தொகுப்பு முடிந்ததும் உடனே வீடியோவாக ஏற்றுமதி செய்யுங்கள். செயலிக்குள் திட்டமாக மட்டும் வைத்திருந்து, போன் மாறியபோது எல்லாம் போனது நிறையவே நடப்பது. 720p தரம் போதும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் இறங்கும், ஆவணமாக அனுப்புங்கள். மூலப் பதிவுகளையும் அழிக்காதீர்கள். நடுவில் வந்த இருமல், ‘ஐயோ தப்பா சொல்லிட்டேன்’, சிரிப்பு, அம்மாவைக் கூப்பிடும் குரல் எல்லாம் அதில்தான் இருக்கும். பிள்ளையை இழந்த குடும்பங்கள், முடிந்த படத்தைவிட இவற்றைத்தான் அதிகம் தேடுவார்கள். பென்டிரைவில் ஒன்று, குடும்பத்தின் கணக்கில் ஒன்று என்று இரண்டு பிரதி.

யார் பார்க்கலாம்

இந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள், பெற்றோர் பக்கத்தில் இல்லாதபோது. அம்மா மட்டும், நர்ஸ் அக்கா மட்டும், வகுப்புத் தோழர்கள், யாரும் வேண்டாம் என்று பதில் எதுவாகவும் இருக்கலாம். அகார்ட் குழுவின் திட்டத்தில் கதை போய்ச் சேர்ந்த இடம் குடும்பம், உலகம் அல்ல. பார்த்தவர்கள் கைதட்டிவிட்டுப் போகாமல், கதையிலிருந்து ஒரு குறிப்பான விஷயத்தைப் பற்றிக் கேட்டால் பிள்ளைக்கு அது பெரிய பரிசு.

வெளியே பகிர்வதாக இருந்தால், பின்னணியில் வேறு பிள்ளைகளின் முகம், படுக்கையில் தொங்கும் கேஸ் ஷீட், கைப்பட்டையில் உள்ள பெயரும் எண்ணும், பள்ளிச் சீருடையின் முத்திரை ஆகியவை தெரிகின்றனவா என்று ஒவ்வொரு படமாகப் பாருங்கள். போன் கேமராவில் இருப்பிடப் பதிவை முதல் நாளே அணைத்துவிடுங்கள். இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழுள்ள எல்லோரும் குழந்தைகளே. அவர்களின் தரவைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது அது. மருத்துவமனையோ தொண்டு நிறுவனமோ இதைச் செய்தால் எழுத்தில் ஒப்புதல் வாங்குவதோடு, பிள்ளையின் சம்மதத்தையும் கேட்டே ஆக வேண்டும். பெற்றோர் சரி சொல்லி, பிள்ளை மறுத்தால், மறுப்புதான் நிற்கும்.

ஒரு கலப்படத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சிகிச்சைக்குப் பணம் திரட்ட எடுக்கும் காணொளி இது அல்ல. பணம் தேவைப்படும் குடும்பத்துக்கு அந்தக் காணொளி அவசியமாக இருக்கலாம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் வேலை, பார்ப்பவரின் இரக்கத்தை எழுப்புவது. அதற்குக் குழந்தை அழ வேண்டும், குழாய்கள் தெரிய வேண்டும். தன் கதை என்று நம்பிப் பிள்ளை சொன்ன வரிகளை அதற்கு எடுத்துக்கொண்டால் அடுத்த முறை அது எதையும் சொல்லாது. இரண்டையும் ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே போனில் எடுக்கக்கூட வேண்டாம்.

பதிவின்போது துன்புறுத்தல் பற்றியோ, வாழப் பிடிக்கவில்லை என்றோ, டாக்டரிடம் மறைத்த வலி பற்றியோ பிள்ளை சொன்னால் அது ரகசியம் ஆகாது. ‘இதை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்’ என்று எப்போதும் வாக்குக் கொடுக்காதீர்கள். தொடக்கத்திலேயே, ‘உனக்கு ஆபத்துன்னு தோணினா மட்டும் உதவி பண்றவங்ககிட்ட சொல்லுவேன், மத்ததெல்லாம் உன் கதை’ என்று சொல்லி வையுங்கள். சொல்லும்போது பதிவை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், அன்றே மனநல ஆலோசகரிடமோ சமூகப் பணியாளரிடமோ சேர்த்துவிடுங்கள். இந்த வசதி எதுவும் இல்லாத இடத்தில், குறைந்தது வார்டின் மூத்த நர்ஸ் ஒருவராவது இந்த வேலையை அறிந்து உடன்பட்டிருக்க வேண்டும்.

உடன்பிறந்தவர்களுக்கும் ஒரு அமர்வு ஒதுக்கப் பாருங்கள். மாதக்கணக்கில் பாட்டி வீட்டில் விடப்பட்ட தம்பியோ அக்காளோ, தனக்கும் அந்த நோய் வருமா, தான் திட்டியதால் வந்ததா என்று யாரிடமும் கேட்காமல் இருப்பார்கள். வார்டுக்குள் விடமாட்டார்கள் என்றால், குரல் துண்டுகளை அனுப்பி மாறி மாறி ஒரே கதையைத் தொடரச் செய்யலாம். வாரத்துக்கு ஒரு துண்டு போதும்.

பிள்ளை குணமாகி வீடு திரும்பிய பிறகும் கதை அதனுடையதே. 9 வயதில் ஊருக்கே காட்டச் சொன்ன படத்தை, 15 வயதில் வகுப்பில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கலாம். நிறுவனங்கள் அதற்கான வழியைத் தொடக்கத்திலேயே ஒப்புதல் தாளில் எழுதி வைக்க வேண்டும்: யாரிடம் கேட்பது, எத்தனை நாளில் நீக்குவார்கள், பிரதிகள் எங்கெங்கே இருக்கின்றன. காரணம் கேட்கத் தேவையில்லை. எல்லாப் பிரதிகளையும் நீக்கிவிட்டு, நீக்கியதைப் பிள்ளைக்கு நேரில் காட்டி, மூலப் பதிவை மட்டும் வேண்டுமா என்று கேட்டு அதன் கையில் கொடுத்துவிடுங்கள்.